சன்னல் பக்கத்துக் கைகள்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நான் 'நூறு' என்பேன். என் குழம்பில் உப்பு கூடிப்போனால் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். அவ்வளவு மெல்லிய சுவர்.

அந்தச் சுவர் வழியாக இப்போது கேட்கிற தறிச் சத்தத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். உடனே இழையை நெருக்கும் அடி விழ வேண்டும். விழாது. யாரோ பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல் தறி கொஞ்சம் நிற்கும். அப்புறம்தான் அடி. தெருவில் இருக்கிற மற்ற தறிகளெல்லாம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் யார் முகத்தையோ பார்த்துவிட்டுப் பேசும். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாலும் அந்த இடத்தில் என் கையும் நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது என்று தெரிய, கோர்வைச் சேலை எப்படி நெய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா. அதனால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் உட்கார்ந்தவர் உடலை நெய்வார், மிதிப்பார், அடிப்பார். ஓரத்தில் உட்கார்ந்தவர் கரை நாடாவை விடுவார். ஓரத்தில் இருப்பவர் விட்டு முடித்தது நடுவில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். சிலர் தலையை ஆட்டுவார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை இருமுவார், பீடிப் புண்ணியத்தில் அதற்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டில் 'ம்' என்பார்கள். நாடா ஓடும், 'ம்', அடி. நாடா ஓடும், 'ம்', அடி. நான் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து பேரன் பேத்தி எடுத்ததில் பாதிக் காலம் அந்த 'ம்'மைக் கேட்டுக்கொண்டே போனது.

'ம்' சொன்னவள் படவேட்டுக்காரி. சன்னல் ஓரத்தில் உட்காருவாள். நடுவில் உட்கார்ந்து அடித்தவள் தேசூர்க்காரி. இரண்டு பேரும் தனித்தனியாக ஆரணிக்கு வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி புருஷனை விட்டுவிட்டு வந்தாள், இன்னொருத்தி புருஷன் என்ற பேச்சே வேண்டாம் என்று வந்தாள். ஒரே முதலாளியிடம் நெய்வதற்குப் பாவு நூல் வாங்கி, ஒரே தறியில் உட்கார்ந்து, ஒரே வீட்டில் தங்கிவிட்டார்கள். தெரு அவர்களை அக்கா தங்கச்சி என்று கூப்பிட்டது. தேசூர் எங்கே, படவேடு எங்கே. இரண்டு ஊரிலும் ஒரே அம்மா பிள்ளை பெற்றிருந்தால், படவேட்டுக்குப் போகிற பஸ்ஸை நம்பி அந்த அம்மா நிறைமாதத்தோடு எத்தனை நாள் காத்திருந்திருப்பாள். ஆனால் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அக்கா தங்கச்சி என்றால் அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

உனக்குத் தெரியுமா என்று என்னை இப்போது கேட்கிறார்கள். ஒரே சுவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அமாவாசைக்கு இங்கே தறி ஓடாது. அன்று தெருவே தலைக்குக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு சினிமாவுக்குப் போகும். நாங்கள் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்காருவோம். அந்தக் காலப் படங்களில் ஒரு காமெடிக்காரன் வருவான். பொம்பளை மாதிரி இடுப்பை ஆட்டுவான், ஆம்பளையைப் பார்த்து வெட்கப்படுவான், உதை வாங்குவான். தியேட்டர் குலுங்கும், விசில் பறக்கும். அந்த நேரம் பார்த்து இவர்கள் இரண்டு பேரும் எழுந்து முறுக்கு வாங்கப் போவார்கள். எந்தப் படமானாலும் அவன் வந்ததும் இவர்களுக்குப் பசி வந்துவிடும். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு முறுக்கு வரும். நான் முறுக்கை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

முந்தின வருடம் ஐப்பசி மழையில் எங்கள் தெருவுக்கே சினிமாக்காரர்கள் வந்தார்கள். படம் எடுக்க வந்தது ஒரு பெண். தலைமுடி என் பேரனுடையதைவிடக் குட்டை. அவளோடு வந்த இரண்டு நடிகைகளும் மூக்கும் முழியுமாக இருந்தார்கள், ஆனால் தறிக்குழியில் காலை விட்டதும் அட்டைப்பூச்சி கடித்ததுபோல் துள்ளினார்கள். அந்தப் பெண் பக்கத்து வீட்டில் டீ குடித்துக்கொண்டே கதையைச் சொன்னாள். நானும் இருந்தேன். டீ இருக்கிற இடத்தில் நான் இருப்பேன்.

"ரெண்டு பொண்ணுங்க கதை ஆயா. ஒரே தறியில நெய்றாங்க. ஒருத்தர ஒருத்தர் விரும்புறாங்க. வயசாகற வரைக்கும் சேர்ந்தே இருக்காங்க."

ஓட்டு மேல் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. தேசூர்க்காரி டம்ளரைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். படவேட்டுக்காரிதான் கேட்டாள்.

"கடசில எவ சாவுறா?"

"யாரும் சாகல ஆயா. ரெண்டு பேரும் இருக்காங்க."

"அப்பனா படம் ஓடாது போ," என்று சொல்லி, பல் இல்லாத பக்கமெல்லாம் தெரியச் சிரித்தாள்.

வயசான காலத்தைக் காட்ட இவர்களையே தறியில் உட்காரச் சொன்னாள் அந்தப் பெண். தேசூர்க்காரி "மூஞ்சி வாணாம் கண்ணு. கைய மட்டும் எடுத்துக்கோ," என்றாள். இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் ஊரே சேர்ந்து, பாவம் அந்தக் கிழவிகளுக்கு ஒன்றும் தெரியாது, ஏமாற்றிவிட்டார்கள் என்றது. தெரிந்துதான் உட்கார்ந்தார்கள். மழை நின்றதும் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலில் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து நெய்தார்கள். அப்புறம் கேமராக்காரன், சன்னல் வெளிச்சம் சரியில்லை, இரண்டு பேரும் இடம் மாற முடியுமா என்றான். மாறினார்கள். படவேட்டுக்காரி நடுவுக்கு வந்தாள், தேசூர்க்காரி சன்னல் ஓரத்துக்குப் போனாள். தேசூர்க்காரி கரை நாடாவை விட்டாள். இப்போது 'ம்' சொல்ல வேண்டியது அவள். ஆனால் நடுவில் இருந்த படவேட்டுக்காரியே 'ம்' என்று சொல்லி, அவளே அடித்தாள். மறுபடியும் அப்படியே.

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, நீயே கேட்டுக்கினு நீயே பதில் சொல்லிக்கிறியா?"

"வாய் பழகிடுச்சிக்கா, இன்னா பண்றது," என்றாள்.

என் குரலும் சேர்ந்து பதிந்துவிட்டது என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அவள்தான் 'ம்' சொன்னாள்.

அந்தத் தையில் அவள் செத்துப்போனாள். காலையில் குளித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள்தான். என் பக்கத்துச் சுவர். சாய்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஏதோ மூட்டையை வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தேசூர்க்காரியிடம் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அக்கா தங்கச்சியை நிற்கவைத்து யார் போட்டோ எடுப்பார்கள்? ஓட்டு அட்டையில் இருந்ததைப் பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, தெருக்காரர்களே மாட்டிவிட்டார்கள். கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தாள் அதில். காரியம் முடிந்த மறுநாளே தேசூர்க்காரி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். "இது யாரோ," என்றாள். கோர்வை நெய்ய அவளுக்கு ஆள் இல்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே நாடாவில் தனியாக நெய்கிற சேலைக்குப் பாவு வாங்கிக்கொண்டாள். அதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அப்படியும் தறி அந்த இடத்தில் நின்றது.

படம் உடனே வரவில்லை. எங்கேயோ தடுத்தார்கள், எதையோ வெட்டச் சொன்னார்கள் என்று என் மருமகள் போனில் படித்துச் சொல்வாள். இந்த ஆடியில்தான் வந்தது. வந்ததும் டிவியில் சண்டை. ஒருவர் இது நம் பண்பாடா என்று கத்துவார், இன்னொருவர் உன் பண்பாட்டை யார் கேட்டது என்று கத்துவார். பெரிய ஊர்களில் சில தியேட்டர்களில் படத்தைத் தூக்கிவிட்டார்களாம். எங்கள் ஊரில் எடுத்த படம் என்பதால், ஆடி அமாவாசை அன்று காலைக் காட்சி மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று இங்கே ஒரு தியேட்டர்காரர் துணிந்தார்.

அதற்கு முந்தின நாள், எங்கள் நெசவாளர் சங்கத் தலைவர் பக்கத்து வீட்டுக்கு வந்தார். தலைவர் என்றால் மரியாதைதான், ஆனால் அவன் கால்சட்டை இல்லாமல் ஓடிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும் என்பதால் அவன் என்றே சொல்கிறேன். கெட்டவன் இல்லை. படவேட்டுக்காரியின் பாடைக்குத் தோள் கொடுத்தவன். அவனோடு டிவிக்கு மைக் பிடிக்கிற ஒருவனும் வந்திருந்தான். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"சித்தி," என்றான் தேசூர்க்காரியிடம். "ஒரே ஒரு வார்த்த. நாங்க அக்கா தங்கச்சி. இன்னா கதைன்னு தெரியாம ஒக்காந்துட்டோம். ஏமாத்திட்டாங்க. அவ்ளோதான். இத இவரு போட்டாருனா படத்த தூக்கிடுவாங்க. ஊரு வாய் அடங்கிடும். உங்களுக்கும் நல்லது. இல்லனா நாளைக்கி மொதலாளியே பாவு குடுக்க யோசிப்பாரு."

"ஏம்ப்பா," என்றேன் நான். "அந்தக் காமெடிக்காரன் பொம்பள மாதிரி இடுப்ப ஆட்டுனப்ப மொத வரிசையில விசில் அடிச்சவன் தான நீ? அப்ப ஊர் மானம் எங்க போயிருந்துச்சி, முறுக்கு வாங்கவா?"

"அது காமெடி பெரிம்மா. சிரிக்கிறதுக்கு எடுத்தா யாரு கேக்கப் போறா? இது நெசம் மாதிரி எடுத்து வெச்சிருக்காங்களே."

தேசூர்க்காரி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படத்த தூக்கினா, எங்க வெப்பாங்க?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. "எங்கியும் வெக்க மாட்டாங்க சித்தி. யாரும் பாக்க முடியாது. அவ்ளோதான்."

"அமாவாச கழியட்டும்ப்பா," என்றாள். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "அதுல அவ இருக்காக்கா. அவ குரல் இருக்குது. ஒருவாட்டி பாக்கணும். ஒரே ஒருவாட்டி பாத்துட்டன்னா, அப்பறம் இவன் சொல்றத வேணாலும் சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் காலையில் அவள் இலை போட்டுப் படைத்தாள். படவேட்டு வாழைப்பழம் வைத்திருந்தாள். காக்கா வரவில்லை. என் வீட்டு ஓட்டில் உட்கார்ந்து என் வீட்டு வடையைத் தின்றுகொண்டிருந்தது. "அவ தான்டி அது. செத்தும் என் வட மேலதான் கண்ணு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. காக்காவையே பார்த்தாள்.

தியேட்டர் வாசலில் படம் கூடாது என்று எங்கள் தெரு ஆட்கள் நின்றிருந்தார்கள், வெளியூர் ஆட்களும் இருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் நிழலில் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கிழவி, கூட்டத்தில் வருகிறேன் என்றதும் தங்கள் ஆள் என்று நினைத்து ஒருவன் என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மழைக்கு ஒதுங்கிய அளவுதான். நல்ல கெட்டி அட்டை. விசிறிக்கொண்டே நடந்தேன். தலைவன் எங்களைப் பார்த்துவிட்டான்.

"சித்தி, எங்க போயினு இருக்கீங்க?"

"நீ சொல்ற அசிங்கத்த பாக்காம அவ எப்பிடிடா மைக்ல பேசுவா?" என்றேன். "இன்னா இருந்ததுன்னு கேட்டா இன்னா சொல்லுவா? பாத்துட்டு வந்து பேசுவா, நகரு."

அவன் யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டோம். சீட்டு கிழிக்கிறவனிடம் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"'எங்கள் பெண்களைக் காப்பாற்றுங்கள்'னு போட்டுருக்குது ஆயா."

"அதுக்குத்தான் உள்ள போறேன்," என்றேன்.

உள்ளே ஆட்கள் குறைவு. அங்கங்கே தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல். பின்வரிசையில் எங்கள் தெரு ஆட்கள் சிலர் சாட்சிக்கு என்று போனும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பித்தது. அந்த இரண்டு பெண்களும் கண்மையை அப்பிக்கொண்டு, பட்டு நூலைச் சணல் மாதிரி இழுத்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "இழ அறுந்துடும்டி," என்று சத்தமாகச் சொன்னான். நெசவாளிக்குக் கோபத்திலும் அதுதான் முதலில் தெரியும். திரையில் அந்தப் பெண்கள் கை கோத்துக்கொண்டபோது, பின்வரிசையில் "நிறுத்து, நிறுத்து," என்று கத்தினார்கள். யாரும் நிறுத்தவில்லை. தேசூர்க்காரி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, எதையும் பார்க்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்க வந்தது இதையில்லை. எழுந்து முறுக்கு வாங்கவும் போகவில்லை.

அப்புறம் அது வந்தது.

மழை ஓய்ந்த வெளிச்சம். அவர்கள் வீட்டுச் சன்னல். தறி. திரை முழுக்க நான்கு கைகள். பாட்டு, மேளம் எல்லாம் அடங்கிவிட்டது. நாடா ஓடியது.

'ம்.'

பின்வரிசையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் தெரியும். அந்த 'ம்'மைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள் அவர்கள். செத்து மண்ணானவள் அந்தப் பெரிய இருட்டுக்குள், எங்கள் எல்லார் தலைக்கும் மேலே, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் 'ம்' என்றாள். மறுபடியும் 'ம்'. அடி.

தேசூர்க்காரி முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். கண்கள் சன்னல் பக்கத்துக் கைகள் மேலேயே இருந்தன. கண் இமைக்கவில்லை. 'ம்' வந்தால் அந்தக் கைதானே? வாழ்நாளெல்லாம் அங்கேயிருந்துதானே வந்தது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது அவர்கள் இடம் மாறி உட்கார்ந்தபோது எடுத்தது. சன்னல் பக்கம் இருப்பது இவளுடைய கை. அவள் நடுவில் இருக்கிறாள். சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். திரையில் ஓரத்துக் கை நாடாவை எடுக்கத் திரும்பியது. கட்டைவிரலில் பிளந்த நகம் தெரிந்தது. தேசூர்க்காரிக்குச் சின்ன வயதிலிருந்தே பிளந்த நகம்.

"அது என் கையிக்கா," என்றாள்.

அதற்குள் திரையில் வானம் வந்துவிட்டது.

படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இன்னும் அதிகமாகியிருந்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் படத்தின் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக அங்கே போனாள்.

"மறுபடி எப்பப்பா போடுவீங்க?"

"இனிமே இல்லம்மா. எடுத்துட்டோம். ஒரே பேஜாரு."

தலைவன் மைக்கோடு வந்தான். "சித்தி, இப்ப சொல்லுங்க." அவளுக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி, நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அது பொய்யும் இல்லை. வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். எலும்பும் தோலுமாக இருக்கிறவள், அன்று கனத்தாள். கையிலிருந்த அட்டையால் விசிறிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் வந்து படுத்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் எங்கள் சுவரோடு பேசினால் எனக்குக் காதில் சொல்வது மாதிரிதான். "அவ்ளோ நேரம் இருந்தாக்கா அவ. கண்ணு முன்னாடி இருந்தா. நான் என் கையப் பாத்துக்கினு நின்னுட்டேன்."

என்ன கேலி பேசுவது என்று தேடினேன். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

மத்தியானம் தெரு சாப்பிட்டு அடங்கியது. அமாவாசையானதால் ஒரு தறிகூட இல்லை. நான் கண்ணயரப் போகும்போது எதிர் வீட்டிலிருந்து கேட்டது.

'ம்.'

எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூலை வீட்டிலிருந்து 'ம்'. அடுத்து, மாவு மிஷின் பக்கமிருந்து. பின்னாலிருந்து. வீடு வீடாகப் படவேட்டுக்காரி நடந்துபோவது மாதிரி இருந்தது. படுத்திருந்த என் மருமகளும் எழுந்து வந்தாள். அவள் போனிலும் வந்திருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்தவன் எவனோ திரையைப் பிடித்து, தெருக்காரர்களின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். மேலே ஏதோ எழுதியிருந்தது.

"இன்னா எழுதிகீறான்?"

"நம்ம தெருவுக்கு வந்த கேவலத்த பாருங்கன்னு போட்டுருக்காங்க அத்த."

தெரு பார்த்தது. கேவலத்தை ஒருமுறை பார்த்தால் போதாதா? எல்லா வீட்டிலும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் 'ம்' என்றாள்.

என் மருமகள் போனிலேயே தேசூர்க்காரிக்குக் காட்டியிருப்பேன். அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். காலில் செருப்பு இல்லை, வெயில் தகித்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டே போனாள். நான் பின்னால் ஓடினேன், என் ஓட்டத்தை ஓட்டம் என்றால். தலைவன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே அவனும், மைக்குக்காரனும், இன்னும் சிலரும் இருந்தார்கள். அவன் கையில் போன். அதிலிருந்து படவேட்டுக்காரியின் குரல் வந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவசரமாக அணைத்தான்.

"அத மறுபடி போடுப்பா," என்றாள்.

"எது சித்தி?"

"அவ இருக்கறத."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். போட்டான். அவள் போன் மேலே குனிந்தாள், மூக்கு போனைத் தொட்டுவிடும்போல். இந்த முறை நடுவில் இருக்கும் கைகளைப் பார்த்தாள். முடிந்ததும் நிமிராமலேயே, "இன்னொருவாட்டி," என்றாள். போட்டான். இன்னொருவாட்டி. போட்டான். எத்தனை முறை என்று தெரியாது. ஒரு முறை அவள் விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் இருந்த கை, அடிக்கப் போய் அடிக்காமல், காற்றில் நின்றது.

"எது உங்க கை சித்தி?" என்று கேட்டான் தலைவன். வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஓரத்துல இருக்கறது என்னுது. நடுவுல அவ."

"அவங்க ஓரத்துல தான ஒக்காருவாங்க, சன்னல் பக்கம்?"

பாருங்கள், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

"அன்னிக்கி மாறி ஒக்காந்தோம்."

மைக்குக்காரன் சத்தமில்லாமல் மைக்கைத் தூக்கினான். தலைவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சித்தி, அது எங்க அக்கா கைன்னு சொல்லுங்க. வேற ஒன்னும் வாணாம். அது போதும். நான் பாத்துக்கறேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவாட்டி பார்த்துவிட்டால் இவன் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன் என்று முந்தின நாள் என்னிடம் சொன்னவள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கானு நீங்க கூப்ட்டீங்க," என்றாள். "தெருவே கூப்ட்டுச்சி. நான் ஒரு நாளும் அவள அக்கானு கூப்ட்டதில்லப்பா."

"அப்ப இன்னானு கூப்டுவீங்க?" என்றான் மைக்குக்காரன்.

அவள் உண்மையிலேயே யோசித்தாள். "அவ 'ம்'னுவா. நான் அடிப்பேன். கூப்புட எங்க நேரம்?"

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். தலைவன் கையை நீட்டி மைக்கைக் கீழே இறக்கினான். உள்ளேயிருந்து அவன் பெண்சாதி, "மோர் குடிச்சிட்டுப் போங்க அத்த," என்றாள். எது கேட்டும் கேட்காததுபோல் தேசூர்க்காரி திரும்பி நடந்தாள். அந்த மோரை நான் குடித்தேன். யாராவது குடிக்க வேண்டுமே.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அவள் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தறி ஓட ஆரம்பித்தது.

அமாவாசையில், அதுவும் ஆடி அமாவாசையில், எங்கள் தெருவில் தறி ஓடி யாரும் கேட்டதில்லை. வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். தலைவனும் அவன் வீட்டு வாசலுக்கு வந்தான். இனி பாவு கிடைக்காது என்றோ, வழக்கம் கெட்டது என்றோ ஏதாவது கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் படியிலிருந்து இறங்கவில்லை.

நாடா ஓடியது. நின்றது. அடி விழுந்தது. நாடா ஓடியது. நின்றது.

நான் சுவரில் காதை வைத்துக்கொண்டேன். எதிர் வீட்டில் இன்னும் எவனோ போனை அணைக்காமல் விட்டிருந்தான். அது தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. இதன் தாளம் வேறு, அதன் தாளம் வேறு. முந்திக்கொண்டும் பிந்திக்கொண்டும் வந்தது அந்தக் குரல். ஒரே ஒரு தடவை, நாடா ஓடி, தறி நின்று, அந்த ஓட்டைக்குள் சரியாக வந்து விழுந்தது.

'ம்.'

அடி விழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. தெருவே நின்றுகொண்டிருந்தது. அப்புறம் அடித்தாள்.